வீட்டு வைஃபையில் அயலார் நுழையாதிருக்க

ரவுட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 என்பதை, உலாவியில் இட்டு உள்நுழைந்ததும் முதலில் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வைஃபையில் செல்லும் தரவைப் பிறர் படிக்காதபடி பூட்டும் குறியாக்க முறைகளில், புதியதான டபிள்யூபிஏ3 இருந்தால் அதையும், பழைய கருவிகள் இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2-ஐயும் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, வைஃபை கடவுச்சொல்லைத் தட்டாமலே ஒரு பொத்தானாலோ எண்ணாலோ கருவிகளை இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க எண்ணை ரவுட்டர் இரு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்தே கணக்கிடப்படுவதாலும், அந்த எண்ணை ஊகித்துப் பிடிக்கப் பத்துக் கோடி முயற்சிகள் தேவைப்பட வேண்டிய இடத்தில் அதிகபட்சம் 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011-இல் வெளிப்பட்டது. நெட்வொர்க்கின் பெயரை மறைப்பதால் பெரும் பயனில்லை. இலவசச் செயலி வைத்திருக்கும் அடுத்த வீட்டுச் சிறுவனே அதைக் கண்டுபிடித்துவிடுவான்.

விருந்தினருக்குத் தனி நெட்வொர்க்கை ஒதுக்கி, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலை அவ்வப்போது பாருங்கள். அடையாளம் தெரியாத கருவி தென்பட்டால் வைஃபை கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள்.