நோய்க்காலத்தில் நம்மை நாமே படமெடுக்கும்போது விடுகிற பிழைகள்

புற்றுநோய்க்கு முதல் கீமோ ஏற்றி மூன்றாவது கிழமை, தலையணை உறையில் முடி கொத்தாகக் கிடந்தது. அதைப் போனில் எடுத்தேன். மொட்டைத் தலையோடு முகத்தை எடுக்க இன்னும் பத்து நாள் பிடித்தது. எடுத்த கையோடு அழித்தும் விட்டேன். நான் விட்ட பெரிய பிழை அதுதான். வாந்தியும் தலைச்சுற்றுமாகக் கிடக்கிற நாளில் எந்தப் படமும் கண்ணுக்குப் பிடிக்காது. ஒரு மாதம் போகட்டும். அழிக்கத்தான் வேண்டுமென்றால் அப்போது அழிக்கலாம்.

முன்பக்கக் கமராவை நம்பாதீர்கள். பல போன்கள் கேட்காமலே தோலை மினுக்கிவிடும்; கண்ணுக்குக் கீழே விழுந்த கறுப்பு காணாமல் போய்விடும். அந்த 'பியூட்டி'யை நிறுத்துங்கள், அல்லது பின்பக்கக் கமராவில் எடுங்கள். நான் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து, பத்து செக்கன் டைமர் வைப்பேன். கதிரையில் முதலில் தலையணையை நிறுத்தி, திரையில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து போகஸைப் பூட்டிவிட்டு, அந்தக் கதிரையில் போய் இருந்தால் முகம் மங்காது. உயரத்திலிருந்து எடுக்கிறேனென்று ஸ்டூலில் ஏறவேண்டாம், உடம்பு தாங்காது.

இரவில் பல்புக்கு நேர் கீழே இருந்தால் கண் இரண்டும் குழியாகத் தெரியும். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் யன்னல் கடலைப் பார்த்தது. காலை ஆறரைக்கே வெயில் முகத்தில் அறையும். மெல்லிய வெள்ளைச் சேலையொன்றை யன்னலில் கட்டினேன். வெளிச்சம் பால்போல இறங்கியது. "என்ட சேலைய ஏன் புள்ள அங்க கட்டி வெச்சிருக்காய்?" என்றார் அம்மா.

வீரமாக நிற்கவேண்டும் என்றும் இல்லை. 'புற்றுநோய்ப் போராளி' என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். போர் நடந்த மட்டக்களப்பில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம் உண்டு, எனக்கு வாயில் வருவதில்லை. பிரித்தானியப் படப்பிடிப்பாளர் ஜோ ஸ்பென்ஸ் 1982இல் மார்பகப் புற்றுநோய் சத்திரசிகிச்சைக்கு முன், தன் மார்பின் மேல் 'ஜோ ஸ்பென்ஸின் சொத்தா?' என்று எழுதிப் படமெடுத்தார். அதில் வீரமுமில்லை, அழுகையுமில்லை. ஒரு கேள்விக்குறிதான்.

ஆஸ்பத்திரி வாட்டில் எடுப்பதென்றால் தாதி மிஸ்ஸியிடம் கேளுங்கள். பக்கத்துக் கட்டில்காரரின் காலோ, கட்டில் தலைமாட்டு அட்டையோ படத்துக்குள் விழக்கூடாது.

கடைசியாக, எடுக்கிற படத்தைத் தானாகவே கணக்கில் ஏற்றிவிடும் போனின் தானியங்கிச் சேமிப்பு. நானும் தங்கச்சியும் ஒரே கூகுள் கணக்கைத்தான் பாவித்தோம். வெட்டிய தழும்பை அம்மாவுக்கு நானே ஆறுதலாகக் காட்ட நினைத்திருந்தேன். அவர் அதை முதலில் கண்டது தங்கச்சியின் டெப்பில்.