புளூட்டோவுக்குப் போகும் பஸ்: குழந்தையோடு உட்கார்ந்து பார்ப்பது எப்படி

முதல் விதி, இந்தக் கார்ட்டூனைப் பார்ப்பதற்கு முன்னால் புளூட்டோவைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. அது கிரகமா இல்லையா என்ற பஞ்சாயத்தை எப்போதும் பெரியவர்கள்தான் முந்திக்கொண்டு ஆரம்பிக்கிறோம். குழந்தை தானாகக் கண்டுபிடித்துத் துள்ளிக் குதிக்க வேண்டிய இடம் அது. கெடுத்துவிடாதீர்கள்.

நான் சொல்வது ‘தி மேஜிக் ஸ்கூல் பஸ்’ தொடரின் முதல் எபிசோடு, ‘கெட்ஸ் லாஸ்ட் இன் ஸ்பேஸ்’. 1994 செப்டம்பர் 10 அன்று அமெரிக்காவில் பிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்தது. ஜோனா கோல் எழுதி புரூஸ் டேகன் படம் போட்ட புத்தகங்களிலிருந்து எடுத்த கார்ட்டூன். டீச்சர் மிஸ் ஃப்ரிசிலுக்குக் குரல் லில்லி டாம்லின். கதை இவ்வளவுதான்: வகுப்போடு கோளரங்கம் பார்க்கப் போகிறார்கள், அது மூடிக் கிடக்கிறது, பஸ் ராக்கெட்டாக மாறிக் கிளம்பிவிடுகிறது. வழியில் டீச்சர் காணாமல் போய்விட, அவர் விட்டுச்சென்ற துப்புகளைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் கிரகம் கிரகமாகத் தேடுகிறார்கள். கூட வந்திருக்கும் ஆர்னால்டின் சித்தப்பா பெண்ணோ மாமா பெண்ணோ ஜேனட் (ஆங்கிலத்தில் எல்லாமே ‘கசின்’தானே), பெரிய பீற்றல் பேர்வழி. ‘நான் விண்வெளிக்குப் போனேன்’ என்று ஊருக்கு நிரூபிக்கப் போகிற இடத்திலெல்லாம் ஏதாவது பொறுக்கி மூட்டை கட்டுகிறாள்.

“புதுசா எவ்வளவோ இருக்கே, எதுக்கு அத்தை இந்தப் பழசு?” என்று அண்ணன் பெண் கேட்டாள். பழசு என்பதற்காகத்தான். முப்பது வருஷத்தில் சூரியக் குடும்பத்தைப் பற்றி மனிதர்களுக்குத் தெரிந்தது எவ்வளவோ மாறிவிட்டது. அந்த இடைவெளியே நமக்குப் பாடப்புத்தகம். பளபளப்பான புதுப் படங்களில் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். இதில் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்.

முதல் தடவை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். அரை மணி நேரம்கூட இல்லை. ஆங்கிலம் வேகமாகப் போகிறதே என்று நடுவில் மொழிபெயர்க்க வேண்டாம், கீழே சப்டைட்டில் ஓடினால் போதும். எட்டு வயதுக்கு மேல் என்றால் சமாளித்துக்கொள்வார்கள். ரொம்ப முக்கியமாக, கதை முடிந்ததும் ரிமோட்டை எடுக்காதீர்கள். கடைசியில் ஒரு துண்டு வரும். தொடரின் தயாரிப்பாளர் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் போன் போட்டு ‘நீங்கள் காட்டியது தப்பு’ என்று வறுத்தெடுப்பார்கள். அவரும் ஆமாம் என்று ஒத்துக்கொள்வார். தன் கதையில் எங்கே அளந்தோம் என்று தானே சொல்லும் குழந்தைகள் தொடர் அபூர்வம். மொத்த எபிசோடையும் நான் இந்தத் துண்டுக்காகத்தான் காட்டுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்த நாள் இரண்டாவது தடவை. இப்போது ஒரு நோட்டு, பென்சில். ‘ஓட்டை கண்டுபிடி’ என்று மட்டும் சொல்லுங்கள். எங்கே நிறுத்துவது என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும். வியாழனில் நிறுத்தினால் ஒரு தகவல் கையில் வைத்திருங்கள்: இது ஒளிபரப்பாவதற்கு இரண்டு மாதம் முன்புதான், 1994 ஜூலையில், ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்நட்சத்திரம் துண்டு துண்டாக வியாழனில் போய் மோதியது. சனிக்கு அன்றைக்குத் தெரிந்த நிலாக்கள் 18. 2025 மார்ச் கணக்கில் 274. வெள்ளியைப் பற்றிக் கேட்டால் வெனரா 13 கதையைச் சொல்லுங்கள். 1982 மார்ச்சில் சோவியத்காரர்கள் இறக்கிய கலம் அது. 450 டிகிரிக்கு மேல் சூடு, நம் காற்றைப் போல 90 மடங்கு அழுத்தம். 127 நிமிஷம் தாக்குப்பிடித்தது. மற்றதையெல்லாம் வேகமாகத் தாண்டலாம்.

தாண்டக் கூடாதது புளூட்டோ காட்சி. மூட்டை அத்தனையையும் பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஜேனட்டோ விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். அவள் வழிக்கு வரவேண்டுமே என்று ஆர்னால்ட் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுகிறான். தலை அப்படியே உறைந்துபோகிறது. வீடு திரும்பினால் வெறும் ஜலதோஷம்!

இங்கே இரண்டு ஓட்டை இருக்கிறது. ஒன்று மூட்டை. புளூட்டோவின் ஈர்ப்பு நம்முடையதில் பதினாறில் ஒரு பங்குதான். இங்கே 48 கிலோ காட்டும் மூட்டை அங்கே 3 கிலோ மாதிரி லேசாக இருக்கும். ‘அப்ப ஜேனட் ஒரு கையாலயே தூக்கலாமே!’ என்று குழந்தை சொல்லும். சொல்லவிடுங்கள். பிறகு, அதே மூட்டையை ஓடிவந்து தள்ளிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். எடை குறைந்தாலும் நிறை குறையவில்லை. அசைக்க அதே பாடுதான் படவேண்டும். இந்த எடை, நிறை வித்தியாசத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே தடுமாறுகிறார்கள், எனக்கு டியூஷனில் தினமும் பார்த்துப் பழக்கம்.

இரண்டாவது ஹெல்மெட். புளூட்டோவில் மைனஸ் 230 டிகிரி என்பது நிஜம். ஆனால் சட்டென்று உறைய மாட்டான். காற்று அங்கே நம்முடையதில் லட்சத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய வெற்றிடம். ஃப்ளாஸ்க்கில் காபி ஏன் ஆறுவதில்லை என்று கேளுங்கள். இரண்டு சுவருக்கு நடுவே சூட்டைக் கடத்த ஒன்றுமில்லை. உறைவதற்கு வெகு முன்பே பத்துப் பதினைந்து நொடியில் மயக்கம் வந்துவிடும், பிராணவாயு இல்லாததால். 1966-ல் நாசாவின் வெற்றிட அறையில் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்த ஜிம் லெப்லாங்குக்குக் குழாய் கழன்று இதுதான் நடந்தது. நினைவு தப்புவதற்கு முன் நாக்கில் எச்சில் கொதித்ததை உணர்ந்தாராம். உடனே காற்றை நிரப்பியதால் பிழைத்தார். பயந்த சுபாவமுள்ள குழந்தை என்றால் எச்சில் விஷயத்தை விட்டுவிடலாம். எங்கள் வீட்டில் அண்ணன் பெண் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

அந்த எபிசோடில் தூரம் மட்டும் மனசில் பதியவே பதியாது. பஸ் ஒரு கிரகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பட்டென்று போய்விடுகிறது. அதற்கு ஒரு சேலை வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலையைக் கூடத்தில் நீளமாக விரியுங்கள், இடம் போதாவிட்டால் மொட்டைமாடி. பட்டு வேண்டாம், ஊக்கு குத்தவேண்டும். ஒரு முனையில் சூரியன், மறுமுனை புளூட்டோ. சூரியனிலிருந்து அளந்து புதனுக்கு 5 சென்டிமீட்டர், வெள்ளிக்கு 10, பூமிக்கு 14, செவ்வாய்க்கு 21. இவ்வளவும் ஒரு கொசுவ மடிப்பில் அடங்கிவிடும். அப்புறம் வியாழன் 72, சனி 132, யுரேனஸ் 267, நெப்டியூன் 418. ஊக்கு குத்தும்போதே, ‘ஏன் இங்க ஒண்ணுமே இல்ல?’ என்று கேள்வி வரும். இந்த அளவில் சூரியன் ஒரு சின்னக் கடுகு. பூமி கண்ணுக்கே தெரியாது. பக்கத்து நட்சத்திரத்துக்கு இன்னொரு கடுகு வைக்க வேண்டுமானால் 37 கிலோமீட்டர் தள்ளிப் போகவேண்டும். கும்பகோணத்தில் சேலையை விரித்தால் கிட்டத்தட்ட தஞ்சாவூர். நெப்டியூன் ஊக்குவரை போக வாயேஜர் 2 விண்கலத்துக்கு, 1977-ல் கிளம்பி, 12 வருஷம் ஆனது.

சேலை விரித்திருக்கும்போதுதான் பெரும்பாலும் புளூட்டோ பஞ்சாயத்தும் தானாக வரும், ‘ஸ்கூல்ல எட்டுதானே சொன்னாங்க’ என்று. அப்போது சொல்லுங்கள்: 2006 ஆகஸ்டில் ப்ராக் நகரத்தில் வானியலாளர்கள் கூடி ஓட்டுப்போட்டு அதைக் குறுங்கோள் என்று மாற்றிவைத்தார்கள். கார்ட்டூன்காரர்கள் தப்பு செய்யவில்லை, அவர்கள் காலத்தில் ஒன்பது.

கடைசியாக டெலிபோன். நோட்டில் எழுதிய ஓட்டைகளை வைத்துக் குழந்தை போன் செய்யும், நீங்கள் தயாரிப்பாளர். ‘சும்மா கார்ட்டூன்தானே’ என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. பதில் தெரியாவிட்டால் காலண்டர் தாளில் கேள்வியை எழுதிவைத்து இரண்டு பேருமாகத் தேடுங்கள்.

எனக்கு வந்த போன் இது. “ஹலோ, ஜேனட் புளூட்டோவுல விட்டுட்டு வந்த சாமான்லாம், 2015-ல போன நியூ ஹொரைசன்ஸ் எடுத்த போட்டோவுல ஏன் இல்ல?” தேடினோம். அந்தக் கலம் எடுத்ததிலேயே நுணுக்கமான படங்களில்கூட ஒரு புள்ளி என்பது சுமார் 80 மீட்டர் அகலம். அதைவிடச் சின்ன மூட்டை தெரியாது என்று தயாரிப்பாளர் பதில் சொன்னார். “அப்ப அங்கதான் இருக்கு,” என்று போனை வைத்துவிட்டாள்.