லாஸ்கா ஆடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எமானுவேல் லாஸ்கர் 1894 முதல் 1921 வரை செஸ் உலகச் சாம்பியன். 27 ஆண்டுகள் அந்தப் பட்டத்தை வைத்திருந்தவர் அதன் நடுவே, 1911இல், எதிரிக் காயைத் தாண்டிப் பிடித்து வெளியேற்றும் பலகை ஆட்டமான செக்கர்ஸைக் கலைத்துப்போட்டு ஒரு புதிய ஆட்டத்தை உருவாக்கினார். தன் பெயரையொட்டி அதற்கு லாஸ்கா என்று பெயரிட்டு, ‘மாபெரும் இராணுவ விளையாட்டு’ என்ற அறிமுகத்தோடு வெளியிட்டார். முதல் உலகப் போருக்கு அப்போது இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. செக்கர்ஸ் காய் இதில் சிப்பாய். கடைசி வரிசையைத் தொட்டு ராஜா ஆகும் காய் அதிகாரி. ஒன்றின்மேல் ஒன்றாக நிற்பது படை அடுக்கு. பிடிபட்ட காய் கைதி.

கைதி என்ற சொல்லில்தான் ஆட்டத்தின் உயிரே இருக்கிறது. பிடிபட்ட காய் பலகையை விட்டுப் போவதில்லை. பிடித்தவரின் காலடியில் அடுக்கோடு அடுக்காக நகர்ந்துகொண்டே இருக்கும், ஒருநாள் விடுதலையாகித் திருப்பி அடிக்கும். முதல் நகர்த்தலில் இருந்த 22 காய்களும் கடைசி நகர்த்தலிலும் பலகையில் இருக்கும். செக்கர்ஸ் தெரிந்தவர்கள் இங்கே செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, பிடித்த காய் ஒழிந்தது என்ற பழைய பழக்கத்திலிருந்து வருபவை.

பலகையில் தொடங்கும் தவறு

லாஸ்காவுக்கு 7×7 பலகை வேண்டும். கையில் இருக்கும் 8×8 செஸ் பலகையில் ஓரமாக ஒரு வரிசையையும் ஒரு நெடுவரிசையையும் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டால் போதும். கவனிக்க வேண்டியது எந்தப் பக்கத்தை மறைக்கிறோம் என்பதை. நான்கு மூலைகளும் காய் நிற்கும் நிறத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் வரிசைக்கு 4, 3, 4, 3, 4, 3, 4 என மொத்தம் 25 கட்டங்கள் கிடைக்கும். மூலையில் மற்ற நிறம் வந்துவிட்டால் 24 கட்டங்கள்தான் தேறும். ஆளுக்கு 11 காய்கள் முதல் மூன்று வரிசைகளில் அடங்காது. காய்களை அடுக்கும்போது ஒன்று மிஞ்சினால் காயை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், மூலையைப் பாருங்கள்.

அதிகாரியை அடையாளம் காட்டுவதில் அடுத்த சிக்கல். செக்கர்ஸில் கடைசி வரிசையைத் தொட்ட காயின்மேல் இன்னொரு காயை வைத்து ராஜா ஆக்குவோம். இங்கே அது முடியவே முடியாது, அடுக்கு என்றால் கைதி என்று பொருள். ஒவ்வொரு காயின் ஒரு முகத்தில் மட்டும் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். புள்ளி கீழே இருந்தால் சிப்பாய், மேலே தெரிந்தால் அதிகாரி. காய்கள் தட்டையாக, பக்கவாட்டிலும் நிறம் தெரிவதாக இருக்க வேண்டும். நாணயத்தின் மேல் மட்டும் வண்ணக் காகிதம் ஒட்டி ஆடினால், அடியில் யார் கைதி என்பது யாருக்கும் தெரியாது. அடுக்கின் நடுவே இருப்பவர் சிப்பாயா அதிகாரியா என்று தூக்கிப் பார்க்க இருவருக்கும் உரிமை உண்டு என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

விதிகள் சுருக்கமாக

வெள்ளை முதலில் ஆடும். சிப்பாய் முன்னோக்கி மூலைவிட்டமாக ஒரு கட்டம் நகரும். எதிரி அடுத்த கட்டத்தில் நின்று, அவருக்குப் பின்னால் உள்ள கட்டம் காலியாக இருந்தால் தாண்டிப் பிடிக்க வேண்டும். அதிகாரி இதையே நான்கு திசைகளிலும் செய்வார். அடுக்கின் உச்சியில் இருப்பவரே தலைவர். அடுக்கு முழுவதும் அவருக்குச் சொந்தம், அவர் பதவிக்கு ஏற்றபடிதான் நகரும்.

இந்தக் கட்டுரைக்காகக் கட்டங்களுக்கு எண் வைத்துக்கொள்வோம். வெள்ளையின் இடது மூலையில் தொடங்கி இடமிருந்து வலமாக முதல் வரிசை 1–4, அடுத்தது 5–7, பிறகு 8–11, 12–14, 15–18, 19–21, கடைசி வரிசை 22–25. தொடக்கத்தில் நடுவில் உள்ள 12, 13, 14 மூன்றும் காலி.

இப்போது வெள்ளை 9இல் உள்ள சிப்பாயை 13க்கு நகர்த்துகிறது. செக்கர்ஸ் கண்ணுக்கு இது வீண் பலி. கறுப்புக்கு 17இலிருந்து 9க்குத் தாண்டுவதைத் தவிர வேறு வழியில்லை. தாண்டியதும் 9இல் மேலே கறுப்பு, அடியில் வெள்ளைக் கைதி. அடுத்து வெள்ளை 5இலிருந்து 9ஐத் தாண்டி 13க்குப் போகிறது. உச்சியில் இருந்த கறுப்பு மட்டும் கைதாகி அதன் அடியில் சேர்கிறது. 9இல் எஞ்சுவது? சற்றுமுன் பிடிபட்ட அதே வெள்ளைச் சிப்பாய், விடுதலையாகி, தொடங்கிய கட்டத்திலேயே நிற்கிறது. பலகையை எண்ணுங்கள். வெள்ளைத் தலைவர்கள் 11, கறுப்புத் தலைவர்கள் 10, வெள்ளையிடம் ஒரு கைதி. 13இல் நிற்கும் அடுக்கைக் கறுப்பால் உடனே தாண்டவும் முடியாது, 9இலும் 10இலும் வெள்ளை நிற்கிறது. செக்கர்ஸ் பழக்கத்தில் 9ஐ முழுவதுமாக எடுத்து வெளியே வைப்பவர் தன் சிப்பாயையே தொலைக்கிறார். புதியவர்கள் முதல் ஐந்து நிமிடத்தில் செய்யும் தவறு இதுதான்.

கை செய்யும் தவறுகள்

பிடிக்கும்போது உச்சியில் உள்ள ஒரே ஒரு காயைத்தான் எடுக்க வேண்டும். அது தாண்டிய அடுக்கின் அடிமட்டத்துக்குப் போகும். கைதியைத் தலைவருக்கு நேர்கீழே செருகுவது பிழை. எடுக்கும்போது காயைப் புரட்டிவிடக் கூடாது. புரண்டால் அதிகாரி சிப்பாய் ஆகிவிடுவார், சிப்பாய் அதிகாரி ஆகிவிடுவார். சிறைப்பட்டாலும் அதிகாரி அதிகாரிதான். விடுதலையாகி உச்சிக்கு வரும்போது பின்னோக்கிப் போகும் உரிமையோடுதான் வருவார்.

ஒரே முறையில் மூன்று அடுக்குகளைத் தாண்டும்போது, மூன்று கைதிகளையும் கையில் சேர்த்து வைத்துக் கடைசியில் மொத்தமாகச் செருகாதீர்கள். ஒவ்வொரு தாண்டலுக்கும் அடுக்கை இறக்கி, கைதியை அடியில் தள்ளி, பிறகு அடுத்ததைத் தாண்டுங்கள். முதலில் பிடித்தவர் மேலே, கடைசியில் பிடித்தவர் அடியில். அதிகாரியும் சிப்பாயும் கலந்து பிடிபட்டால் இந்த வரிசை ஆட்டத்தையே மாற்றும்.

கை தவறியதா என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை உண்டு. சரியாக ஆடினால் எந்த அடுக்கிலும் நிறம் ஒரு முறைக்குமேல் மாறாது. மேலே ஒரு நிறம், கீழே மற்ற நிறம், அவ்வளவே. புதிய கைதி எப்போதும் அடியில்தான் சேர்கிறார், அவர் எப்போதும் தலைவரின் எதிரி நிறம். மேலே உள்ள சொந்தக் காய்கள் ஒவ்வொன்றாகப் பறிபோய்த் தீர்ந்தால், மிஞ்சுவது முழுக்க மற்ற நிறம். ஆகவே வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மாறிமாறி ஒரு அடுக்கு கண்ணில் பட்டால் எங்கோ கைதி தவறான இடத்தில் செருகப்பட்டிருக்கிறார். பலகையில் 22 காய்கள் இருக்கின்றனவா என்று அவ்வப்போது எண்ணுவதும் நல்லது.

பிற ஆட்டங்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வருபவை

லாஸ்காவுக்கு முன்னோடியான ரஷ்ய ஆட்டம் பாஷ்னி. கோபுரங்கள் என்று பொருள். அதில் ராஜா பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாயும், சாதாரணக் காய் பின்னோக்கியும் பிடிக்கும். லாஸ்காவில் இரண்டும் இல்லை. அதிகாரி ஒரு கட்டம்தான் நகர்வார். சிப்பாய் பிடிப்பது முன்னோக்கி மட்டும்.

பிடிக்க முடிந்தால் பிடித்தே ஆக வேண்டும், தொடர்ந்து தாண்ட முடிந்தால் பாதியில் நிறுத்தக் கூடாது. ஆனால் இரண்டு வழிகள் இருந்தால் அதிகம் பிடிக்கும் வழியைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எது என்பது ஆடுபவர் விருப்பம். சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டதும் அதிகாரி ஆவார், அத்தோடு அந்த முறை முடிந்தது. பின்னோக்கி இன்னொரு பிடி காத்திருந்தாலும் அடுத்த முறைதான். பதவி உயர்வு உச்சியில் இருப்பவருக்கு மட்டும். கீழே அதே நிறத்தில் இரண்டு பேர் இருந்தாலும் அவர்கள் சிப்பாய்களாகவே இருப்பார்கள். அந்தத் தலைவர் பின்னால் பறிபோனால் அடுக்கு மறுபடி சிப்பாய் நடைக்கே வந்துவிடும். அதிகாரி ஒரே முறையில் ஒரே அடுக்கை முன்னும் பின்னுமாக இருமுறை தாண்டலாமா என்பதை ஆட்டம் தொடங்கும் முன்னே இருவரும் முடிவு செய்துவிடுங்கள். நடுவில் எழுந்தால் சண்டைதான்.

கைதிகள்மேல் ஆசை

திறமையாக ஆடுபவர்களையும் கவிழ்ப்பது இதுதான். மேலே ஒரு வெள்ளை, கீழே மூன்று கறுப்புக் கைதிகள். பார்க்க வெற்றிக் கோபுரம் போல இருக்கும். உண்மையில் பலகையிலேயே மிகவும் பலவீனமான அடுக்கு அதுதான். ஒரே தாண்டலில் வெள்ளைத் தலைவர் போய்விட்டால், மூன்று கறுப்புகளும் ஒரே அடுக்காக எழுந்து நிற்கும். அந்தக் கறுப்பு அடுக்கை வீழ்த்த அதைத் தனித்தனியாக மூன்று முறை தாண்ட வேண்டும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பிறக்கிறது. சொந்தக் காய்களை நீங்களாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கவே முடியாது. ஒரே நிறத்தில் ஆழமான பலமான அடுக்கு உருவாக ஒரே வழி, எதிரி உங்கள் ஆட்களைச் சேர்த்துவைத்து, அதை நீங்கள் விடுவிப்பது. அதாவது உங்களுக்கான படையை எதிரியே கட்டித் தருகிறார். நீங்கள் ஆசைப்பட்டுக் கைதிகளைக் குவிக்கும்போது அவருக்காக அதையேதான் செய்கிறீர்கள்.

அப்படிப்பட்ட அடுக்கைப் பலகை ஓரத்தில் பத்திரமாக நிறுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 25 கட்டங்களில் 12 ஓரக் கட்டங்கள், அவற்றில் நிற்பவரைத் தாண்ட முடியாது என்பது சரிதான். ஆனால் கட்டாயப் பிடி அவரை ஓரத்திலிருந்து இழுத்து வெளியே போட்டுவிடும். 8இல் ஒரு வெள்ளைச் சிப்பாய், அடியில் மூன்று கறுப்புகள் என்று வையுங்கள். கறுப்புச் சிப்பாய்கள் 16, 20, 24இல். 9, 15, 19 காலி. கறுப்பு 16இலிருந்து 12க்கு வந்து தானாகவே கழுத்தை நீட்டுகிறது. வெள்ளைக்கு வேறு பிடி இல்லை, 8இலிருந்து 16க்குத் தாண்டியே ஆக வேண்டும். கைதிகள் நான்காகிவிட்டார்கள். அடுத்து 20இல் உள்ள கறுப்பு 16ஐத் தாண்டி 12க்குப் போகிறது. வெள்ளைத் தலைவர் அதன் அடியில் கைதி. 16இல் நான்கு கறுப்புகள் கொண்ட அடுக்கு நிற்கிறது. ஒரு சிப்பாயைக் கொடுத்து நான்கு பேர் கொண்ட படையை வாங்கியாயிற்று. 24இல் கறுப்பு இல்லாதிருந்தால் வெள்ளை 16இலிருந்து 20ஐயும் தாண்டித் தப்பியிருக்கும். பின்னால் ஆள் நிறுத்துவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஒரு நிலையே போதும்.

எனவே கைதிகளைச் சுமக்கும் ஒற்றைத் தலைவரை முன்னணியில் அனுப்பாதீர்கள். ஓரத்தில் வைத்தாலும் அவர் முன்னே உள்ள கட்டத்தில் எதிரி வந்து நிற்க முடியுமா, அப்படி நின்றால் எங்கே போய் இறங்குவோம் என்று இரண்டு நகர்த்தல் முன்னதாகப் பார்த்துவையுங்கள். முன்னணிக்கு ஏற்றது கைதி இல்லாத ஒற்றைச் சிப்பாய், அல்லது இரண்டு மூன்று சொந்தக் காய்கள் கொண்ட அடுக்கு. அந்தப் பலமான அடுக்கையும் சில்லறைப் பரிமாற்றங்களில் செலவழிக்கக் கூடாது. அது எத்தனை பேரைப் பிடித்தாலும் மேலே உள்ள சொந்த ஆட்கள் கூடப்போவதில்லை, குறையத்தான் முடியும்.

பலமான அடுக்கைத் தாண்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவதும் பிழை. உச்சி மட்டும்தான் போனது, அடுத்தவர் உடனே தலைவர் ஆகிறார். அவர் அதிகாரியாக இருந்தால் பின்னால் போய் இறங்கிய உங்களையே திரும்பிப் பிடிப்பார். தாண்டும் முன் இரண்டாவது காயின் முகத்தைப் பார்த்துவிடுவது பாதி ஆட்டத்தைக் காப்பாற்றும்.

கடைசி நேரக் கணக்கு

யார் முன்னிலையில் இருக்கிறார் என்று பார்க்கக் கைதிகளை எண்ணுபவர்கள் ஏமாறுவார்கள். தலைவர்களை எண்ணுங்கள், ஒவ்வொருவருக்கும் கீழே எத்தனை சொந்த ஆட்கள் என்று பாருங்கள், பிறகு எதிரியிடம் உள்ள உங்கள் கைதிகள் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறார்களா சிதறியிருக்கிறார்களா என்று பாருங்கள். குவிந்திருந்தால் உங்களுக்கு நம்பிக்கை உண்டு. நாலைந்து பேர் ஒரே தலைவரின் கீழ் கிடந்தால், அவர் ஒருவரைப் பிடித்தாலே ஆட்டம் திரும்பும். அதனால் ஒரே ஒரு அடுக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பதற்காகக் கைவிட வேண்டியதில்லை.

தன் முறை வரும்போது நகர்த்த வழியில்லாதவர் தோற்றார். எல்லாத் தலைவர்களும் பிடிபட்டாலும் சரி, எல்லோரும் அடைபட்டு நின்றாலும் சரி, முடிவு ஒன்றுதான். ஓரத்தில் ஒதுங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 8இல் நிற்கும் வெள்ளைச் சிப்பாய்க்கு வெளியே போக 12 ஒன்றே வாசல். 12இலும் 16இலும் கறுப்பு வந்து நின்றுவிட்டால் அவரால் நகரவும் முடியாது, தாண்டவும் முடியாது. அவர் காலடியில் ஐந்து கைதிகள் இருந்தாலும், வெள்ளைக்கு மிஞ்சிய கடைசித் தலைவர் அவர்தான் என்றால் ஆட்டம் கறுப்புக்கு.