சச்சினின் 100 சதங்கள்: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சச்சின் சதம் அடித்தால் இந்தியா தோற்றுவிடும்." அவருடைய 100 சதங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். இந்தத் தவறுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. ஒருநாள் போட்டிகளில் அவர் சதமடித்த 49 ஆட்டங்களில் இந்தியா வென்றது 33, தோற்றது 14 மட்டுமே. டெஸ்டில் 51 சதங்கள்: 20 வெற்றி, 20 டிரா, 11 தோல்வி.

பிறகு ஏன் இந்தப் பேச்சு? கடைசி இரண்டு சதங்களைப் பாருங்கள். 99வது, 2011 உலகக் கோப்பையில் நாக்பூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக. 100வது, 2012 மார்ச் 16 அன்று மிர்பூரில் வங்கதேசத்துக்கு எதிராக. ஊரே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்றோம். அதுவே மனதில் தங்கிவிட்டது.

சென்னைக்காரர்களுக்கு 1999 சேப்பாக்கம் டெஸ்டும் மறக்காது. பாகிஸ்தானுக்கு எதிராக 271 ரன் இலக்கு. முதுகு வலியோடு நின்று 136 ரன் எடுத்த சச்சின், சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கி அடித்து வாசிம் அக்ரமிடம் கேட்ச் கொடுத்தபோது இன்னும் 17 ரன்தான் தேவை. மீதி மூன்று விக்கெட்டும் 4 ரன்னுக்குள் போய்விட்டன. 12 ரன்னில் தோல்வி. அந்தத் தோல்வியை அந்தச் சதத்தின் தலையில் கட்டுவது என்ன நியாயம்? அதே மைதானத்தில் 2008 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக 387 ரன்னைத் துரத்தினோமே, அங்கே கடைசி பவுண்டரியில் அவருடைய சதமும் வெற்றியும் சேர்ந்தே வந்தன. ஸ்கோர்கார்டை முழுசாகப் படித்துவிட்டுப் பேசுவோம்.

அடுத்தது கூட்டல் கணக்கு. 100 என்பது டெஸ்டும் ஒருநாளும் சேர்ந்த எண்ணிக்கை. இதை அந்தக் கால ஆஸ்திரேலிய ஜாம்பவான் பிராட்மேனின் 29 சதங்களுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. அவர் காலத்தில் சர்வதேச ஒருநாள் போட்டியே கிடையாது. ஆடிய 52 டெஸ்டுகளில் வந்தவை அந்த 29. 2023 நவம்பர் 15 அன்று வான்கடேயில் கோலி 50வது ஒருநாள் சதம் அடித்ததும் "சச்சின் சாதனை போச்சு" என்றார்கள். போனது ஒருநாள் சதச் சாதனை மட்டும்தான். டெஸ்டின் 51, மொத்த 100 இரண்டும் அப்படியே இருக்கின்றன.

மொத்த ஆட்டங்களைச் சதங்களால் வகுத்து, இத்தனை ஆட்டத்துக்கு ஒரு சதம் என்று சொல்வதிலும் பாதி உண்மை மறைந்துபோகும். டெஸ்டில் முதல் சதம் 17 வயதிலேயே வந்துவிட்டது: 1990 ஆகஸ்டில் மான்செஸ்டரில் 119 நாட் அவுட். ஒருநாளில் முதல் சதத்துக்கோ 79வது ஆட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் எளிது: நடுவரிசையில் இறங்கினால் கையில் மிஞ்சும் ஓவர்கள் குறைவு. 1994 மார்ச்சில் ஆக்லாந்தில் முதன்முறையாகத் துவக்க ஆட்டக்காரராக இறங்கி 49 பந்தில் 82. அப்புறம் செப்டம்பரில் கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அந்த முதல் சதம், 110. அவருடைய 49 ஒருநாள் சதங்களில் 45 துவக்க ஆட்டக்காரராக வந்தவைதான்.

இன்னொன்று: 2010இல் குவாலியரில் அடித்த 200 நாட் அவுட்டை ஒருநாள் போட்டியின் முதல் இரட்டைச் சதம் என்று எழுதாதீர்கள். ஆண்கள் கிரிக்கெட்டில்தான் அது முதல். 1997 மகளிர் உலகக் கோப்பையில், சச்சினின் சொந்த ஊரான மும்பையிலேயே, ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் டென்மார்க்குக்கு எதிராக 229 நாட் அவுட் அடித்திருந்தார்.