வலிப்பு மருந்தோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

மாத்திரையைக் கைப்பையில் வைக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வருவது வேறு. ஊரில் காய்ச்சல், சளி என்று எந்த டாக்டரிடம் போனாலும், எடுக்கிற வலிப்பு மருந்தின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர்கள் மறைக்கச் சொன்னாலும் சொல்லுங்கள்.

என் மகள் கார்பமாசெபின் என்ற வலிப்பு மருந்து எடுக்கிறாள். போன இடத்தில் அவளுக்குத் தொண்டைப் புண். ஓர் அலுவலகத்தில் நான் காத்துக்கிடந்த நேரத்தில் பெரியம்மா அவளை கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வேறு மருந்து ஏதும் எடுக்கிறாளா என்று டாக்டர் கேட்டதும், இவள் வாயைத் திறப்பதற்குள் "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று பெரியம்மா முடித்துவிட்டார். டாக்டர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கார்பமாசெபினை உடைத்து வெளியேற்றுவது ஈரலில் உள்ள ஒரு நொதி. கிளாரித்ரோமைசினும் எரித்ரோமைசினும் அந்த நொதியை முடக்கிவிடும். மாத்திரை அதே அளவுதான், ஆனால் ரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டே போகும். இரண்டொரு நாளில் மகளுக்கு எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். நாக்குக் குழறியது, அப்புறம் வாந்தி. பயணக் களைப்பு, படுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே அந்த ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தி, ரத்தத்தில் கார்பமாசெபின் அளவையும் சோடியத்தையும் சோதித்தார்கள். சோடியத்தைக் குறைப்பதும் இந்த மருந்தின் பக்கவிளைவுகளில் ஒன்று.

"வயசுப் பொண்ணு, நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன பேசுவாங்க?" என்றார் பெரியம்மா. எனக்கு ஆத்திரம் பொங்கியது, ஆனால் கத்த வாய் வரவில்லை. நான் ஊரை விட்டுக் கிளம்பிப் போய்விட்டவன். அந்த நாலு பேருக்கு நடுவில் இத்தனை வருஷமும் இருப்பவர் அவர். என் அம்மாவின் கடைசிக் காலத்தில் பக்கத்தில் இருந்தவரும் அவர்தான். இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் பெரியவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

மற்ற மருந்துகளிலும் வம்பு உண்டு. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை எடுப்பவருக்கு மெரோபெனெம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டால் வால்ப்ரோயேட் அளவு கிடுகிடுவென இறங்கி வலிப்பு திரும்பலாம். லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்து சில நாள் தொடர்ந்து விட்டுப்போனால் பழைய டோஸிலேயே மறுபடி தொடங்காமல் டாக்டரைக் கேளுங்கள். டிரமடால் வலி மாத்திரையும் சிப்ரோஃப்ளாக்சசின் ஆன்டிபயாட்டிக்கும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. மலேரியாத் தடுப்புக்கான மெஃப்ளோகுயின் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. கார்பமாசெபினும் ஃபெனிடாயின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும்.

கார்பமாசெபினைப் புதிதாகத் தொடங்கியவர்கள் முதல் சில மாதங்கள் தோலைக் கவனிக்க வேண்டும். எச்எல்ஏ-பி*1502 என்ற மரபணு வகை இருந்தால் தோல் உரியும் கடுமையான ஒவ்வாமை வரலாம். ஆசிய வம்சாவளியினருக்கு முன்கூட்டியே அந்தச் சோதனை செய்யும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இல் சொன்னது. காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எது நடந்தாலும் வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் நிற்காத வலிப்பு வரலாம். மருந்தின் பொதுப்பெயர், எத்தனை மில்லிகிராம், மெதுவாகக் கரையும் வகையா என்பதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதுங்கள். அந்தச் சீட்டு மருந்து எடுப்பவரிடமே இருக்கட்டும், கூட வருகிற பெரியவரிடம் வேண்டாம்.