பெலும் குகைக்கு ஒருநாள் பயணம்: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பெலும் குகைக்குள் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே முகம் வெளிறித் திரும்பி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பழகாத காலத்தில் நாங்கள் செய்த அதே பிசகுகளை ஒவ்வொரு விடுமுறையிலும் புதிதாக யாராவது செய்கிறார்கள். குப்பை போடாதே, பாறையில் பெயர் கிறுக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

இடம் ஆந்திராவின் நந்தியால் மாவட்டம், கொலிமிகுண்ட்லா பக்கம். நம் வீட்டு அலமாரிக்குப் போடுகிற கடப்பா கல்லும் இந்த வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைதான். அந்தப் பாறையைத் தண்ணீர் கரைத்துக் கரைத்து உண்டாக்கியது 3,229 மீட்டர் நீளக் குகை. நாம் நடக்கக்கூடியது ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்.

குகை என்றால் குளுகுளு என்று நினைப்பது

இதுதான் என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துகிற தவறு. "வெளியே வெயில் கொளுத்துது, மத்தியானம் உள்ளே போயிட்டா ஜில்லுனு இருக்கும்" என்று கணக்குப் போட்டு, பக்கத்து ஊரான தாடிபத்ரியில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஜீன்ஸும் முதுகுப்பையுமாக ஒரு மணிக்கு வந்து இறங்குகிறார்கள். தண்ணீர் மட்டும் காரில் இருக்கும்.

ஆழமான குகைக்குள் வெப்பநிலை பெரும்பாலும் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். பாறை மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறுவதால் கோடையும் குளிர்காலமும் உள்ளே வந்து சேர்வதற்குள் மழுங்கிவிடுகின்றன. மேகாலயாவின் மவ்ஸ்மாய் குகை குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம், அந்த மலையே குளிர்ச்சியானது. விசாகப்பட்டினத்துக்கு மேலே அனந்தகிரி மலையில் இருக்கும் பொர்ரா குகையும் கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரம். பெலும் அப்படியில்லை, ராயலசீமைச் சமவெளியில், வயல்வெளிக்கு அடியில் கிடக்கிறது. அந்த ஊரின் சராசரியே 28 டிகிரிக்குப் பக்கம். கேட்க அது பெரிய சூடாகத் தெரியாது, ஆனால் உள்ளே காற்றில் ஈரம் ததும்புவதால் வேர்வை காயவே காயாது, வேர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது. அதோடு குறுகலான வழியில் கூட்டம் நெருக்கும்போது மூச்சுக்காற்றும் தேங்குகிறது. அதற்காகத்தான் வெளிக்காற்றை உள்ளே தள்ளும் குழாய்களை அங்கங்கே வைத்திருக்கிறார்கள்.

ஒருமுறை ஒரு குடும்பம் பாட்டியம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனது. குகைக்குள் ஓடும் பாதாளகங்கை என்கிற சிற்றோடைப் பக்கம் இறங்கும்போதே அவர் தடுமாறினார், பேரன் "இன்னும் கொஞ்ச தூரம்தான் ஆத்தா, வாங்க" என்று கையைப் பிடித்து இழுக்கிறான். நல்ல பிள்ளைதான், அன்பாகத்தான் இழுத்தான். ஆனால் அது வாசல் மட்டத்திலிருந்து 46 மீட்டர் ஆழம், குகையிலேயே தாழ்வான இடம், இறங்கியதையெல்லாம் திரும்ப ஏறியாக வேண்டும். பாட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார், உதடு வறண்டு பேச்சும் குழறியது. அந்த ஐந்தாறு பேரிடம் ஒரு வாய் தண்ணீர் இல்லை! எங்கள் பாட்டிலைக் கொடுத்து, காற்றுக்குழாய் அருகே நகர்த்தி உட்காரவைத்து, விசிறி, வழிகாட்டியும் பேரனும் தாங்கலாக மெல்ல மெல்ல மேலே ஏற்றிப் போனார்கள். மேலே வந்து காற்று பட்டதும் தெளிந்துவிட்டார். இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே காலையில் திறந்ததுமே போய்விடுங்கள், கூட்டமும் இருக்காது. பருத்தித் துணி, லேசான பை, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். தலை கிறுகிறுத்தால் "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லாமல் அங்கேயே நின்று, திரும்பிவிடுங்கள். வயதானவர்களுக்கு வாசலை அடுத்த பெரிய கூடங்கள் போதும், அவையே அற்புதமாக இருக்கும்.

வழிகாட்டி இல்லாமல் ஓடிப் பார்த்துவிட்டு வருவது

1863இல் பல்லாவரத்தில் ஆதிமனிதரின் கற்கருவியைக் கண்டெடுத்தாரே நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அவர்தான் 1884இல் இந்தக் குகையைப் பற்றி எழுதிவைத்தவர். முழுசாக ஆராய்ந்து அளந்ததோ 1982 முதல் 1984 வரை வந்த ஜெர்மானியக் குழு. விளக்கும் நடைபாதையும் போட்டு மக்களுக்குத் திறந்தது 2002இல்தான். லிங்கம் போன்ற விழுதுகள் நிறைந்த கோடிலிங்கம் எது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து ஓடியது என்று ஒருவர் காட்டிச் சொல்லும்போது கூரையில் இருக்கும் குடைவெல்லாம் கண்ணுக்குப் புலப்பட ஆரம்பிக்கிறது. இல்லாவிட்டால் கலர் விளக்கில் செல்ஃபி எடுத்ததோடு சரி.

கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைத் தொடுவது

கை எண்ணெய் பட்ட இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது, கறுத்தும் போகும். சப்தஸ்வர குகையில் தட்டினால் ஓசை வரும் என்று சொல்வார்கள். வழிகாட்டி தட்டிக் காட்டினால் கேளுங்கள், நீங்கள் தட்டாதீர்கள்.

வழவழப்பான செருப்பு

பாதாளகங்கை ஈரம். வேண்டாம்.

டார்ச் எடுக்காதது

மின்சாரம் போனால் கும்மிருட்டு. போன் விளக்கை நம்பினால் போனில் சார்ஜ் இருக்க வேண்டும்.

அதே நாளில் பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கின் கண்டிக்கோட்டையையும் முடிப்பது

முடியும், ஆனால் பெலுமுக்குக் காலை முழுவதையும் கொடுத்த பிறகுதான். ரயிலில் வருகிறவர்கள் சென்னை–மும்பை தடத்தில் தாடிபத்ரியில் இறங்கினால் குகை 30 கிலோமீட்டர்தான். மிச்ச நேரத்தில் தாடிபத்ரியிலேயே புக்க ராமலிங்கேஸ்வரர் கோயிலின் கல் வேலைப்பாட்டைப் பாருங்கள், அலைச்சல் பாதியாகும்.