இளம் சூரைகளின் பயணத்தைப் பதிந்து கணக்கெடுப்பைத் திருத்தும் முறை

தென்கடல் நீலத்துடுப்புச் சூரை, ஜாவா தீவுக்கும் வடமேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் இடைப்பட்ட கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் மேற்கு ஆஸ்திரேலியக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, சில ஆண்டுகள் கோடைதோறும் பெரிய ஆஸ்திரேலிய வளைகுடாவில் மேற்பரப்புக்கு வந்து திரள்கின்றன. சிறு விமானத்திலிருந்து அத்திரள்களை எண்ணிவிடலாம். ஆனால் மொத்தத்தில் எத்தனை பங்கு அங்கே வந்தது என்பதை விமானம் சொல்லாது. இருப்பு 1,000 என்றே வைத்துக்கொள்வோம்: ஒரு கோடையில் 80 விழுக்காடும் அடுத்த கோடையில் 50 விழுக்காடும் வந்தால், குறையாத மீன்வளம் குறைந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். அந்தப் பங்கை அறியவே மீனின் உடலில் அதன் பயணத்தைப் பதியும் சிறு கருவியைப் பொருத்துகிறோம்.

முனையில் எதிர்முள் இல்லாத தூண்டிலால் பிடித்த மீனை ஈரமான மெத்தைத் தொட்டிலில் கிடத்தி, கண்களை ஈரத் துணியால் மூடினால் துள்ளல் பெரும்பாலும் அடங்கும். மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை நீளத்தை அளந்து, வயிற்றில் சிறு கீறலிட்டுக் கருவியைச் செருகி, ஒளியுணரும் தண்டு மட்டும் வெளியே நீளுமாறு தைத்து, தாமதமின்றிக் கடலில் விட வேண்டும். முதுகில் ஒன்றுக்கு இரண்டாக அடையாளக் குறிகளைக் குத்துவது நல்லது. ஒரே குறியோடு திரும்பும் மீன்களைக் கொண்டு, குறிகள் எந்த வீதத்தில் உதிர்கின்றன என்று கணிக்கலாம்.

கருவி ஆழம், ஒளி, நீரின் வெப்பம், உடல் வெப்பம் ஆகியவற்றைப் பதிகிறது. உச்சிப்பொழுதின் நேரம் தீர்க்கரேகையையும், பகலின் நீளம் அட்சரேகையையும் தரும். உச்சிப்பொழுதில் 4 நிமிடம் பிசகினால் தீர்க்கரேகை 1 பாகை விலகும். அது 35 பாகைத் தெற்கில் ஏறத்தாழ 91 கிலோமீட்டர். பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாள்களில் ஒளி தரும் அட்சரேகையை நம்பவே கூடாது. கருவி பதிந்த மேற்பரப்பு வெப்பத்தைச் செயற்கைக்கோள் வரைபடத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஆழப் பதிவில், விமானம் பறக்கும் பகல் மணிகளை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். இரவில் மீன் மேலே இருந்ததால் எண்ணுபவருக்குப் பயனில்லை.

இதில் பெரிய பொறி வேறு. வலையும் தூண்டிலும் விழும் இடத்திலிருந்தே கருவிகள் திரும்பும். வளைகுடாவில் மீன்பிடி மிகுதி என்றால், அங்கு வந்த மீன்களின் பதிவுகளே நம் கையில் குவியும். வராதவை கண்ணில் படாமலே போகும். ஆகவே, பிடிபட்ட கடைசிப் பருவத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய கோடைகளையே கணக்கில் கொள்வதும், மீன்பிடி குறைந்த பகுதிகளின் பதிவுகளுக்குக் கணக்கில் கூடுதல் மதிப்பும், மிகுந்த பகுதிகளின் பதிவுகளுக்குக் குறைந்த மதிப்பும் தருவதும் இன்றியமையாதவை. கண்டெடுத்தவர் திருப்பித் தர வெகுமதியும் அறிவிக்க வேண்டும்.

பிறகு, விமான எண்ணிக்கையை முதலில் வளைகுடாவில் இருந்த பங்காலும், அடுத்துப் பகலில் மேற்பரப்பில் தென்பட்ட பங்காலும் வகுக்கலாம். கருவிகள் சிலவே திரும்பியிருந்தால், ஒற்றை எண்ணாக இல்லாமல் ஒரு வீச்சாகவே முடிவைத் தருவது நேர்மை.